காய்ச்சல்காரியின் பால்

குறைமாதக் குழந்தைகள் வார்டில் சேர்ந்த முதல் வாரம் எல்லாரும் உங்களுக்கு இயந்திரங்களைத்தான் காட்டுவார்கள். எந்த மணி அடித்தால் எதைத் திருக வேண்டும், எந்த விளக்கு சிவந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லித் தருவார்கள். அதெல்லாம் கை பழகிவிடும். அதற்கு நான் தேவையில்லை. தாதி வேலையை விட்டு வந்த பிறகும், எங்காவது மணிச் சத்தம் கேட்டால் எனக்கு நெஞ்சு ஒரு முறை அடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கண் முன் வருவது சுகன்யாவின் முகம்தான். அவள் கதையை மட்டும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

சுகன்யா ஈரோட்டுக்காரி. கணவர் பிரசன்னாவுக்கு இங்கே மென்பொருள் வேலை. நகரின் வடக்கே ஈசூனில் ஒரு வாடகை வீடு. இந்த ஊரில் சொந்தக்காரர் என்று யாரும் இல்லை. பக்கத்து வீட்டு ரோஸ்னா, நடுவயது மலாய்ப் பெண்மணி, அவர் ஒருவர்தான் கதவைத் தட்டினால் ஓடி வருகிறவர். சுகன்யாவுக்கு ஏழாம் மாதம் நிறைவதற்குள் பனிக்குடம் உடைந்து ஒரு பையன் பிறந்துவிட்டான். தலை என் உள்ளங்கைக்குள் அடங்கியது. பெயர்கூட வைத்திருக்கவில்லை. தொட்டிலில் அம்மா பெயரை எழுதி ஒட்டினோம்.

அவ்வளவு சீக்கிரம் பிறந்த பிள்ளைக்கு எது இல்லை என்று கேட்டால் நுரையீரல், எடை என்று அடுக்குவீர்கள். இன்னொன்றும் இல்லை. ஒரு கிருமி உள்ளே வந்தால் அதை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ள உடம்பு ஒரு புரதத்தைச் செய்து வைக்கிறது. அதைத்தான் எதிர்ப்பொருள், ஆன்டிபாடி என்கிறோம். தாய் தன் வாழ்நாளில் சந்தித்த கிருமிகளுக்கெல்லாம் செய்து சேர்த்ததில் பெரும்பங்கைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குக் கொடுத்தனுப்புகிறாள். இவன் அது கைக்கு வருமுன்பே கிளம்பி வந்துவிட்டவன். அவனுக்கு மிச்சமிருந்த வழி பால். அதிலும் முதலில் சுரக்கும் சீம்பால். அதிலுள்ள எதிர்ப்பொருள் பெரும்பாலும் ரத்தத்துக்குப் போவதில்லை. வாயிலும் தொண்டையிலும் குடலிலும் மெல்லிய பூச்சாகப் படிந்து, கிருமியைச் சுவரில் ஒட்ட விடாமல் தடுக்கிறது. அதனால்தான் பால் குடிக்கத் தெம்பில்லாத பிள்ளைக்கும் இரண்டு சொட்டு சீம்பாலை எடுத்துக் கன்னத்தின் உட்புறத்தில் தடவுகிறோம்.

இதைச் சொன்னதும் சுகன்யா அழுகையை நிறுத்தினாள். பிரசவப் படுக்கையிலேயே பிதுக்கிப் பிதுக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் அடிப்பக்கம் மட்டும் மஞ்சளாக நிறைந்ததை என் கையில் கொடுத்தாள்.

"இவ்வளவுதாங்க சிஸ்டர் வந்துச்சு. போதுமா?"

"போதுமாவா! இதுக்கு மேல அவனுக்கு வாய்ல இடமே இல்ல," என்றேன். பிள்ளை பிறந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவளை வீட்டுக்கு அனுப்பிய பின்னும் தினமும் வந்தாள். வீட்டில் எடுத்த பாலைக் குளிர்ப்பெட்டியில் கொண்டுவருவாள், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பால் நன்றாக ஊற வேண்டும் என்று பிரசன்னா தேக்கா சந்தைக்குப் போய்ப் பால்சுறா வாங்கி வந்தார். தீபாவளிக்கு முந்தைய வாரம். அந்தக் கூட்டம் உங்களுக்குத் தெரியும், தோளோடு தோள் உரசித்தான் நடக்க முடியும். சுறாப்புட்டு எப்படிச் செய்வது என்று கைப்பேசியில் பார்த்துப் பார்த்துச் செய்து மனைவிக்குப் போட்டார். மறுநாள் அவருக்குத் தொண்டை கட்டியது. பிறகு சுகன்யாவுக்கு இருமல், காய்ச்சல், உடம்பெல்லாம் வலி. கிளினிக்கில் இருவருக்கும் இன்ஃப்ளூயன்சா என்று சொல்லிவிட்டார்கள்.

"சுறா வாங்கப் போயி சுரத்தை வாங்கிட்டு வந்துட்டேன் சிஸ்டர்," என்றார் போனில். சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. குரல் உடைந்திருந்தது.

சளிக்காய்ச்சல் உள்ளவர்களைக் குறைமாதப் பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் விட முடியாது. வரவேண்டாம், பாலை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள் என்று சொன்னோம். ரோஸ்னா கொண்டுவருவதாக ஏற்பாடு. ஆனால் அன்று பால் வரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை. நான் கூப்பிட்டேன்.

"எடுக்கலைங்க," என்றாள் சுகன்யா. "சுரத்தோட இருக்கறவ பாலைக் குடுத்தா கொழந்தைக்கு ஆகாதுன்னு ஊர்ல இருந்து போன் பண்ணிச் சொன்னாங்க. எடுத்ததையும் சிங்க்ல ஊத்திட்டேன். என் மூச்சுக்காத்தே வேணாம்னு வெளிய நிறுத்திட்டீங்க. பால் மட்டும் நல்லா இருக்குமா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நம் ஆட்கள் நூறு பேரைக் கேட்டால் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் சொல்வார்கள். வார்டுக்கு வராதே என்று சொன்ன நாமே பாலை மட்டும் அனுப்பு என்றால் அவள் என்ன நினைப்பாள்?

"இங்க பாருங்க சுகன்யா. ஃப்ளூ கிருமி தும்மல்ல, இருமல்ல, கையில பரவுது. பால் வழியா வர்றதில்ல. அதனாலதான் உங்கள வரவேணாம்னோம், பால வேணாம்னு சொல்லல. இப்ப உங்க உடம்பு அந்தக் கிருமியோட சண்ட போட்டுக்கிட்டு இருக்கு. அந்தச் சண்டைக்குச் செய்யற ஆயுதத்த உங்க பால்லயும் இறக்குது. இந்த வார்டுல வேற எந்தப் பால்லயும் அது கெடைக்காது. கையக் கழுவுங்க, மாஸ்க் போடுங்க, எடுங்க. டாக்டரும் அதத்தான் சொன்னாங்க."

"ஊத்திட்டேனே சிஸ்டர்," என்று மட்டும் சொன்னாள்.

அன்று மாலையே ரோஸ்னா குளிர்ப்பெட்டியோடு எம்ஆர்டி ரயில் ஏறி வந்துவிட்டார். "ஷி இஸ் க்ரையிங் அண்ட் பம்பிங், பம்பிங் அண்ட் க்ரையிங் லா," என்று கையை விரித்தார். பால் தொடர்ந்து வந்தது. பிள்ளைக்குக் குழாய் வழியாகச் சிறிது சிறிதாகக் கொடுத்தோம். வயிறு ஏற்றுக்கொண்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எங்களுக்கு ஒரு நிம்மதி.

நிம்மதி வரும்போதுதான் தம்பி தங்கைகளே, இந்த வேலையில் பயப்பட வேண்டும்.

ஒரு மதியம் பிள்ளையின் துணியை மாற்றப் போனேன். வயிறு காலையில் பார்த்ததைவிட உப்பியிருந்தது. விரலால் தொட்டேன், தவில் தோல் போல் இறுகியிருந்தது. முந்தைய வேளைப் பால் குழாயில் செரிக்காமல், பச்சை நிறத்தில் திரும்பி வந்தது. முகத்தில் ரத்தமில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூச்சை நிறுத்தினான். முதுகைத் தடவினேன், இழுத்தான். மறுபடி நிறுத்தினான்.

பணியில் இருந்தவர் இளம் மருத்துவர். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாகப் பேசுவார். ஓடி வந்து வயிற்றில் கை வைத்தவர் முகம் மாறியது. குறைமாதப் பிள்ளைகளின் குடல் வீங்கி அழுகத் தொடங்கும் ஒரு நோய் உண்டு. அது வந்தால் சில மணி நேரத்தில் ஆளைக் கொண்டுபோய்விடும். அவர் நினைத்ததும் அதுதான், நான் நினைத்ததும் அதுதான்.

"ஃபீட் நிறுத்துங்க சிஸ்டர். எக்ஸ்ரே சொல்லுங்க. நான் பிளட் எடுக்கறேன், ஆன்டிபயாட்டிக் ஸ்டார்ட் பண்ணிடலாம்."

எல்லாரும் பறந்தோம். அவர் ரத்தம் எடுத்துக்கொண்டே என்னைக் கேட்டார்.

"மதர் எப்படி இருக்காங்க? ஃபீவர் போயிடுச்சா?"

"நேத்து ராத்திரிகூட இருந்துச்சாம். கூப்பிட்டப்ப புருஷன் சொன்னாரு."

அவர் நிமிர்ந்தார். "ஃப்ளூன்னா இந்நேரம் இறங்கியிருக்கணுமே?"

அந்தக் கேள்வி என்னை அப்படியே நிறுத்திவிட்டது. ஆமாம், இறங்கியிருக்க வேண்டும். பிரசன்னாவுக்கு எப்போதோ இறங்கிவிட்டது. அப்படியானால் இது வேறு காய்ச்சல். பால் எடுப்பதை ஒரு நாளுக்கு மேல் நிறுத்தி வைத்திருந்த பெண். பால் கட்டிக்கொண்ட மார்பு. அதில் கிருமி புகுந்திருந்தால்?

பிள்ளைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கை வேண்டிய நேரம். அந்த நேரத்தில் நான் கையுறையைக் கழற்றினேன்.

"எங்க போறீங்க?" என்றாள் என்னோடு பணியில் இருந்த தாதி, கோபமாக.

"அம்மாவுக்குப் போன் பண்ணணும்."

"இப்பவா? இவன் இப்படி இருக்கறப்பவா?"

நான் மருத்துவரைப் பார்த்தேன். அவர் ஒரு நொடி யோசித்தார். "பண்ணுங்க. நாங்க மேனேஜ் பண்றோம்," என்றார். அந்த ஒரு நொடிக்காக நான் அவரை இன்றைக்கும் மதிக்கிறேன். நான் தவறாக நினைத்திருந்தால் மூச்சு நிற்கும் பிள்ளையை விட்டுவிட்டு போன் பேசப் போனவளாக ஆகியிருப்பேன். அவரும் அதற்கு அனுமதி கொடுத்தவராக ஆகியிருப்பார்.

காணொளி அழைப்பில் கூப்பிட்டேன். சுகன்யா எடுத்தாள். முகத்தில் பவுடர் போட்டிருந்தாள். அதைப் பார்த்ததுமே என் சந்தேகம் இன்னும் கூடியது.

"காய்ச்சல் எப்படி இருக்கு?"

"இல்லைங்க சிஸ்டர். போயிருச்சு. லேசா சளிதான். பையன் எப்படி இருக்கான்?"

பல் கிட்டியது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் தாடை நடுங்கியது. ஈசூனில் அந்த வெயிலில் கழுத்துவரை போர்வை போர்த்தியிருந்தாள். பிள்ளையைப் பற்றி அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை.

"ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்க."

"எதுக்குங்க?"

"தூக்குங்கம்மா."

வலது கை மேலே போனது. இடது கை விலாவை விட்டு ஒரு சாண் நகர்ந்தது, அங்கேயே நின்றது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தூக்கப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. பிறகு கையைக் கீழே விட்டுவிட்டு என்னையே பார்த்தாள், பிடிபட்டவளைப் போல.

பிரசன்னாவைக் கூப்பிட்டேன். போனைக் கீழே வைத்துவிட்டு, இடது மார்பைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் குரல் மட்டும் கேட்டது.

"சிஸ்டர்... ஒரு பக்கம் முழுக்கச் செவந்து கெடக்குதுங்க. தொட்டா கொதிக்குது. ஏய், எப்ப இருந்துடி இப்படி இருக்கு? எங்கிட்டகூடச் சொல்லல?"

"சொன்னா நிறுத்திருவாங்க!" என்று சுகன்யா கத்தினாள். "பாலை வேணாம்னு சொல்லிருவாங்க. நான் அங்க வர முடியல, தொட முடியல. அவனுக்குன்னு நான் குடுக்கறது இது ஒண்ணுதான். இதுல ஆயுதம் இருக்குன்னு அவங்கதான் சொன்னாங்க!"

நான் சொன்ன வார்த்தை. சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த வார்த்தையை ஒரு பயந்துபோன பெண் எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வாள் என்று பார்த்தீர்களா? உள்ளே கிருமி புகுந்து, உடம்பெல்லாம் பரவத் தொடங்கி, நடுக்கம் எடுக்கிறது. அதையும் மறைத்துப் பவுடர் பூசிக்கொண்டு பால் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"சுகன்யா, நான் சொல்றதக் கேளுங்க. பால் உங்ககிட்ட இருந்துதானே வருது? நீங்க விழுந்துட்டா பாலும் இல்ல, அம்மாவும் இல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"போனா மருந்து குடுப்பாங்க. மருந்து பால்ல கலந்துரும்."

"பால் குடுக்கற அம்மாவுக்குன்னு பாத்துக் குடுக்கற மருந்து இருக்கு. நான் பேசறேன். பால் எடுக்கறத நிறுத்தவே கூடாது, நிறுத்தினாத்தான் இது இன்னும் மோசமாகும். பிரசன்னா, ஆம்புலன்சைக் கூப்பிடுங்க. டாக்சி வேணாம். ரோஸ்னாவையும் வரச் சொல்லுங்க."

"பையன் எப்படி இருக்கான்னு நீங்க சொல்லவே இல்லைங்க சிஸ்டர்," என்றாள் சுகன்யா.

அந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்வீர்கள்? நன்றாக இருக்கிறான் என்றால் பொய். உள்ளதைச் சொன்னால் ஆம்புலன்சில் ஏறாமல் இங்கே ஓடி வந்துவிடுவாளோ என்று பயம்.

"வயிறு உப்பியிருக்கு. பால நிறுத்தி வச்சிருக்கோம், மருந்து ஏறுது. டாக்டர் பக்கத்துலேயே நிக்கறாரு. நானும் அங்கதான் போறேன். நீங்க உங்க பக்கத்தப் பாருங்க, நாங்க அவனப் பாத்துக்கறோம்."

பிரசன்னா போனை மறுபடி கையில் எடுத்தார். திரையில் போர்வை சரிந்தது. எழுந்துவிட்டாள் என்று தெரிந்தது.

ஆம்புலன்ஸ் அவளை வடக்கிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. அங்கே அவளுக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது என்று பிரசன்னா பிறகு சொன்னார். இன்னும் ஒரு பொழுது போயிருந்தால் என்ற பேச்சை அங்குள்ள மருத்துவர் தொடங்கி, முடிக்காமலே விட்டாராம். தாய் ஊரின் ஒரு முனையில் மருந்து ஏறிக்கொண்டு, பிள்ளை நகரத்தின் நடுவில் மருந்து ஏறிக்கொண்டு. நடுவில் பிரசன்னா, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல்.

பாலை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நின்றது. எங்கள் மூத்த மருத்துவர், ஓர் அம்மையார், வந்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். குடல் வீங்கியிருந்தது, ஆனால் எங்கும் ஓட்டை விழவில்லை. பிள்ளைக்கு வயிற்று வழியாக எதுவும் போகக்கூடாது, குடலுக்கு ஓய்வு என்றார். பிறகு இளம் மருத்துவர் கேட்டார், கன்னத்தில் தடவும் சொட்டையும் நிறுத்த வேண்டுமா என்று.

அந்த அம்மையார் அவசரப்படவில்லை. வடக்கிலிருந்த மருத்துவரைப் போனில் பிடித்துப் பேசினார். இடது பக்கம் சீழ் பிடிக்கும் நிலை. வலது பக்கம் சுத்தம். கொடுக்கும் மருந்து பிள்ளைக்கு ஆகக்கூடியது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முடிவு சொன்னார். இரு பக்கமும் தனித்தனிப் பாட்டிலில் எடுக்கட்டும். இடது பக்கத்துப் பாலை அவள் குணமாகும்வரை இவனுக்குத் தர வேண்டாம். வலது பக்கத்திலிருந்து இரண்டு சொட்டு, கன்னத்துக்கு. வயிற்றுக்கு வேண்டாம்.

முழுவதும் வேண்டாம் என்று சொல்வது எளிது, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். முழுவதும் வேண்டும் என்று சொல்லவும் ஆள் இருந்திருக்கும். அந்த அழுத்தத்தில் அவர் இரண்டையும் சொல்லவில்லை. எது தெரியும், எது தெரியாது என்று பிரித்துப் பார்த்து, தெரிந்த அளவுக்கு மட்டும் காலை வைத்தார்.

மறுநாள் ரோஸ்னா இன்னொரு மருத்துவமனையிலிருந்து அதே குளிர்ப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வலது பக்கத்துப் பாட்டிலில் அடி மட்டும்தான் நனைந்திருந்தது. அவ்வளவு சுரத்தில் அவ்வளவு வந்ததே பெரிது. பஞ்சில் தொட்டு அவன் கன்னத்துக்குள் தடவினேன். உதடு லேசாக அசைந்தது. அதற்குப் பிறகும் மூச்சை நிறுத்தினான், மறுபடியும் இழுத்தான். நாங்கள் வயிற்றைச் சுற்றி நாடா வைத்து அளந்தோம், காத்திருந்தோம், மறுபடி அளந்தோம். ஒரு காலையில் நாடா சிறிது தளர்ந்தது. தவறாக அளந்துவிட்டேனோ என்று மறுபடி வைத்தேன். தளர்ந்துதான் இருந்தது. இளம் மருத்துவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அவன் ரத்தத்தில் கிருமி வளரவில்லை. குடல் மெல்ல வேலைக்குத் திரும்பியது. அம்மாவின் பாலிலேயே மறுபடி தொடங்கினோம், முதலில் துளித்துளியாக.

அவனைக் காப்பாற்றியது பாலா, மருந்தா, குடலுக்குக் கொடுத்த ஓய்வா? எனக்குத் தெரியாது. தெரியும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் சற்று எட்டியே நில்லுங்கள். பால் ஒரு காவல். காவல் இருந்தும் வீடு புகுகிற திருடன் உண்டு. அப்போது மருந்துதான் வேண்டும். காவல் இருக்கிறதே என்று மருந்தைத் தள்ளிப் போடுகிற தாய்மார்களையும் நான் பார்த்திருக்கிறேன், மருந்து இருக்கிறதே என்று காவலைக் கலைத்துவிடுகிற மருத்துவர்களையும் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு நான் சொல்வதெல்லாம், குளிர்ப்பெட்டி வந்ததும் பாட்டிலை எண்ணி வைப்பதோடு நிற்காதீர்கள். அதைக் கறந்தவள் எப்படி இருக்கிறாள் என்று கேளுங்கள். கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பாள். அவள் முகத்தைப் பாருங்கள்.

சுகன்யா குணமாகி, நோய் தொற்றும் காலமெல்லாம் கடந்து வந்தபோது தீபாவளி முடிந்திருந்தது. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கழுவிவிட்டு வாசலிலேயே நின்றாள். நான் உள்ளே கூப்பிட்டேன்.

"வேணாங்க சிஸ்டர். இங்க இருந்தே பாத்துக்கறேன்."

"ஏன்?"

"எல்லாம் என்கிட்ட இருந்துதானே வந்துச்சு? சுரம், சீழ்... இன்னும் என்ன இருக்கோ. அவனத் தொடாம இருந்தா நல்லா இருப்பான்."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் இருந்து பேசியவர் இளம் மருத்துவர்.

"நீங்க உள்ள வராம இருந்தாதான் அவனுக்கு ரிஸ்க், அக்கா," என்றார். "இந்த வார்டுல இருக்கற கிருமி உங்க வீட்டுல இல்ல. உங்க உடம்புக்கு அது என்னன்னே தெரியாது. நீங்க இங்க வந்து, அவன நெஞ்சுல போட்டுக்கிட்டு, இந்தக் காத்த மூச்சு விடணும். அவன்மேல என்ன ஒட்டியிருக்கோ அது உங்கமேலயும் ஒட்டும். அப்பதான் உங்க உடம்பு அதுக்கு வேணுங்கறத செஞ்சு பால்ல அனுப்பும். நாங்க யாரும் அத செய்ய முடியாது லா."

சுகன்யா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அது உண்மைதான் என்று தலையசைத்தேன்.

உள்ளே வந்தாள். நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்தோம். குழாய்களையும் ஒயர்களையும் நான் ஏந்திக்கொள்ள, அவனை எடுத்து அவள் நெஞ்சின்மேல், வலது பக்கமாகக் கவிழ்த்துப் படுக்க வைத்தோம். அவள் அசையவில்லை. மூச்சுவிடவே பயந்தாள். அவன் முகத்தை ஒரு முறை திருப்பி, தோலில் வாயை வைத்துத் தேய்த்தான். அப்போதுதான் அவளுக்கு மூச்சு வெளியே வந்தது. பிறகு ஆழமாக, இந்த அறையின் காற்றை முழுவதும் உள்ளே இழுப்பவளைப் போல, ஒரு மூச்சு எடுத்தாள்.

குனிந்து அவன் தலையோரம் சொன்னாள்.

"கிருமி இருக்குதாம் சாமி இங்க. இருந்துட்டுப் போகட்டும். அம்மா பாத்துக்கறேன்."